நேர்முகத் தேர்வுக்குப் பலாச்சுளை கொண்டுவந்தவனுக்கு

மச்சான்,

இன்று காலை கடலூர் செம்மண்டலம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். பண்ருட்டியிலிருந்து வரும் பஸ் வழக்கம்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வந்து நின்றது. சன்னலோரத்தில் நெல்லிக்குப்பம் அன்வர் பாய் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மடியில் சான்றிதழ் ஃபைல், ஃபைலுக்கு மேல் ஓர் எவர்சில்வர் டப்பா. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பலாச்சுளை வாசத்தை எந்த மூடி அடக்கி வைத்திருக்கிறது? இறங்கியவர்களோடு அதுவும் இறங்கி வந்து என் முன்னால் நின்றது.

"இன்னிக்குத்தான் சார் இன்டர்வியூ. நீங்க வரலியா?" என்று கேட்டார்.

"இல்ல பாய். நீங்க போயிட்டு வாங்க. நல்லா பண்ணுங்க."

"என்னாத்த நல்லா பண்றது? வருசா வருசம் பண்றதுதான" என்றார். பஸ் கிளம்பிவிட்டது. நான் ஏற வேண்டிய டவுன் பஸ் அதன் பின்னாலேயே வந்தது. ஏறவில்லை. ஆபீசுக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் அப்படியே நின்றேன்.

ஜூன் மாதம் வந்தால் ஊரில் எல்லோருக்கும் பள்ளிக்கூடம் திறக்கும். நமக்கு விளம்பரம் வரும். இதழியல் மற்றும் மக்கள் தொடர்பியல் துறைக்குத் தற்காலிக விரிவுரையாளர்கள் தேவை, சான்றிதழ்களுடன் நேரில் வரவும். காலையில் பேப்பரைப் பார்த்ததும் நீ போன் பண்ணுவாய். "நம்ம விளம்பரம் வந்துருச்சு மச்சான்" என்பாய், ஏதோ சொந்தக்காரர் வீட்டுப் பத்திரிகை வந்துவிட்ட மாதிரி. நீ போய் ஒரு வருடம் ஆகிறது. விளம்பரம் மட்டும் தவறாமல் வருகிறது.

நாம் முதலில் பார்த்துக்கொண்டதே அப்படி ஒரு ஜூன் மாதத்தில்தான். 2004ஆம் வருடம். சிதம்பரம் போகும் சாலையில் முந்திரித் தோப்பை வெட்டிச் சமப்படுத்தி எழுப்பிய புதுக் கட்டடம். வாசலில் ஆளுயர எழுத்தில் பல்கலைக்கழகம் என்று போட்டிருந்தார்கள். பஸ்ஸில் "யூனிவர்சிட்டி ஒண்ணு குடுங்க" என்று கேட்டால், "பெருசா, சின்னதா?" என்பார் கண்டக்டர். சிதம்பரத்தில் இருக்கும் பழையது பெரியது. நம்முடையது சின்னது. "சின்னதுங்க" என்று நீ சத்தமாகச் சொல்வாய். உனக்கு வெட்கமே இருக்காது. எனக்கு இருக்கும்.

நேர்முகத் தேர்வுக்கு வந்து காத்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரியும். அடுத்தவன் ஃபைல் எவ்வளவு தடிமன் என்று ஓரக்கண்ணால் அளப்பார்கள். யாராவது சிரித்தால் இவனுக்குச் சிபாரிசு இருக்கிறது போலிருக்கிறது என்று நினைப்பார்கள். அந்த அறைக்குள் நீ வந்தாய், ஒல்லியாக, கழுத்துப் பட்டனையும் போட்டுக்கொண்டு. உட்கார்ந்ததும் பையைத் திறந்து டப்பாவை எடுத்தாய். அறை முழுக்க வாசம் பரவியது.

"பண்ருட்டிலேருந்து வரேன். எங்க ஊர்ல இது ஏராளமா கெடக்குது. எடுத்துக்குங்க."

ஒருவரும் கை நீட்டவில்லை. நீ விடவில்லை. "போட்டிக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்லங்க. சாப்புட்டுட்டே போட்டி போடலாம்" என்றாய். முதலில் கை நீட்டியவர் அன்வர் பாய். அவருக்கு அடுத்தது நான். பிறகு அறையே எழுந்து வந்தது. அன்று உள்ளே போன ஒவ்வொருவர் கையிலும் பிசுபிசுப்பு. குழுவில் இருந்த ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்ததாக வெளியே வந்தவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். உன்னையும் என்னையும் எடுத்தார்கள். அன்வர் பாயை எடுக்கவில்லை. அவர் நெல்லிக்குப்பத்தில் டியூஷன் சென்டர் வைத்துப் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு ஜூன்கூட வராமல் இருந்ததில்லை, உன் டப்பாவில் கை வைக்காமலும் இருந்ததில்லை. உனக்கே தெரியாமல் அந்த வராந்தாவில் உனக்குப் 'பலாப்பழம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

தற்காலிகம் என்பது என்னவென்று அந்த வருடம் முடிவதற்குள் நமக்குப் புரிந்துவிட்டது. ஏப்ரல் கடைசியோடு நம்மைக் கழற்றிவிடுவார்கள். மே மாதம் நாம் யாரும் இல்லை. ஜூனில் மறுபடி விளம்பரம், மறுபடி வரிசை. மார்ச் மாதம் நம்மோடு ஒரே மேசையில் டீ குடித்த துறைத்தலைவர், ஜூன் மாதம் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார். நாமும் பெயரிலிருந்து ஆரம்பிப்போம். அதற்கப்புறம் டெமோ வகுப்பு. வருடம் முழுக்க நாம் பாடம் நடத்திய அதே அறையில், நமக்குப் பாடம் நடத்தத் தெரியுமா என்று நடத்திக் காட்ட வேண்டும். மாணவர்கள் உட்காரும் பெஞ்சில் குழு உட்கார்ந்திருக்கும்.

முடித்ததும் கரும்பலகையை அடுத்தவருக்காக நாமே துடைத்துவிட்டு வர வேண்டும். அப்படி எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் எல்லோரும் செய்வார்கள். நான் ஒப்புக்கு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வருவேன். நீ மூலை வரைக்கும் துடைப்பாய். வெளியே வந்து சட்டையில் சுண்ணாம்புத் தூளைத் தட்டிக்கொண்டே, "அடுத்து வர்றவன் பாவம் மச்சான், அவனுக்கு நல்ல போர்டா இருக்கணும்ல" என்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்து வருகிறவன் நம் வேலைக்குத்தானேடா வருகிறான் என்று கத்துவேன். "நம்ம வேலன்னு எங்க எழுதியிருக்குது?" என்று நீ கேட்பாய்.

புதுச்சேரியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன் நீ. அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து மாட்டிக்கொண்டதற்குக் காரணம் கேட்டால், "அங்க ஒக்காந்து ஒவ்வொரு தப்பா திருத்தறதுக்கு, தப்பு பண்ணாத பத்து பேர உருவாக்கிட்டா போதும்ல" என்றாய். அப்படியே செய்யவும் செய்தாய். அது எனக்குத் தெரியும். உன் வகுப்பு நடக்கும்போது நான் பக்கத்து அறையில் விளம்பரக் கலை நடத்திக்கொண்டு, சுவருக்கு அப்பாலிருந்து வரும் உன் குரலில்தான் பாதிக் காதை வைத்திருப்பேன்.

முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இறப்புச் செய்தி எழுதக் கற்றுக்கொடுப்பாய். செத்தது யார் என்று அவர்கள் கேட்பார்கள். "நான்தான். இன்னிக்கு என்னக் கொன்னு எடுத்துக்கிட்டு வாங்க" என்பாய். வகுப்பே சிரிக்கும். பிறகு சிரிப்பு நின்றுவிடும். பெயர், வயது, பதவி, ஊர், எப்படி இறந்தாய், யாரிடம் உறுதி செய்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாய். "உயிரோட இருக்கறவனப் பத்தி தப்பா எழுதினா மறுப்பு அனுப்புவான். செத்தவன் அனுப்ப மாட்டான். அதனால இன்னும் ஜாஸ்தி கவனமா இருக்கணும்" என்பாய். பதவியில்தான் எல்லோரும் மாட்டுவார்கள். கடலூர் முதுநகரிலிருந்து வரும் ஸ்டெல்லா, மரியாதையாக 'பேராசிரியர்' என்று எழுதிக்கொண்டு வந்து பூஜ்யம் வாங்கினாள். கண்ணீர் முட்டிக்கொண்டு நின்றாள்.

"எங்களுக்கு நீங்க புரொபசர்தான சார்?"

"ஒனக்கு இருக்கலாம்மா. பேப்பருக்கு இல்ல. தற்காலிக விரிவுரையாளர்னு போடு. உறுதி பண்ணாத பதவிய எவனுக்கும் போடக் கூடாது."

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது உன்னிடம் கேட்டேன், அந்தப் பெண் அன்பாகத்தானே எழுதினாள், ஒரு மார்க்காவது போட்டால் என்ன என்று. வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டினோம். பிறகு, "அந்தப் பொண்ணு எழுதினத ரெண்டு தடவ படிச்சேன் மச்சான். மூணாவது தடவ படிச்சா நானே நம்பிடுவேன்னுதான் செவப்பு மையில அடிச்சேன்" என்றாய். உன் ஆசை எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். நீ கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. உன் பெயருக்கு முன்னால் இருந்த அந்த 'தற்காலிக' என்ற சொல் போக வேண்டும். அவ்வளவுதான்.

அது போவதற்கு ஒரே ஒரு சந்தர்ப்பம் வந்தது. 2009இல் துறைக்கு நிரந்தர விரிவுரையாளர் பணியிடம் ஒன்று அறிவித்தார்கள். எனக்கு நெட் தகுதித் தேர்வில் தேர்ச்சி கிடையாது, ஆகவே நான் மனுப் போட முடியாது. உனக்கு எல்லாம் இருந்தது. உன் பெண்டாட்டி உமா திருவதிகைக் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தது. நான் எங்கள் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். போட்டியில் நான் இல்லாததால் என் வேண்டுதலில் கலப்படம் இல்லை என்று உன்னிடம் சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

குழு உன் பாடத்தைக் கேட்டது. நன்றாக இருக்கிறது என்றும் சொன்னது. பிறகு துறைத்தலைவர் சொன்னாராம், இந்தப் பதவிக்கு இடைவெளி இல்லாத தொடர்பணி அனுபவம் வேண்டும், உங்கள் அனுபவத்தில் வருடா வருடம் இடைவெளி விழுந்திருக்கிறதே என்று. நீ "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையைத் துடைத்துவிட்டு, வெளியே வந்துவிட்டாய்.

"இடைவெளிய யாரு வுட்டாங்கன்னு கேக்க வேண்டியதுதானடா?"

"அவுருக்குத் தெரியாதா மச்சான்? ஆர்டர்ல கையெழுத்து போட்டதே அவுருதான். தெரிஞ்சே கேக்கறவருகிட்ட நான் என்னாத்த சொல்றது?"

வருடா வருடம் ஏப்ரலில் வெட்டியவரே, ஏன் வெட்டுப்பட்டிருக்கிறது என்று கேட்கிறார். கேட்கவும் வாய் வருகிறது அவருக்கு. வேலை சென்னையிலிருந்து வந்த ஒரு பையனுக்குப் போயிற்று. நீ அவனைத் தேடிப்போய் டப்பாவை நீட்டினாய். மிச்சமிருந்த சுளைகளை அவன் கூச்சப்பட்டுக்கொண்டு எடுத்தான். உன் துணைக்கு வந்திருந்த நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பஸ்ஸில் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். நீயாகத்தான் ஆரம்பித்தாய். "அவன் என்னா பண்ணுவான் மச்சான், அவனும் பஸ் புடிச்சித்தான் வந்துருக்கான்."

அவர்கள்மேல் எனக்கு வந்த கோபத்தைவிட உன்மேல் வந்த கோபம்தான் அதிகம். நல்லவனாக இருந்து நீ என்ன கண்டாய்? நீ ஒரு தடவை மேசையைத் தட்டியிருந்தால், ஒரு தடவை அந்த டஸ்டரைத் தூக்கி எறிந்திருந்தால், வேலை கிடைத்திருக்காது, தெரியும். குறைந்தபட்சம் அந்த மனிதருக்கு அன்று ராத்திரி தூக்கமாவது கெட்டிருக்கும். அவரை நிம்மதியாகத் தூங்கவிட்டாய் நீ. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மே மாதங்களில் நான் வீட்டில் கிடப்பேன். நீ உமாவின் அண்ணன் நடத்தும் பலா மண்டியில் நிற்பாய். ஒருமுறை உன்னைப் பார்க்க அங்கே வந்திருந்தேன். லாரியிலிருந்து இறக்கிய பழங்களைத் தட்டித் தட்டிப் பார்த்து நீ பிரித்து வைத்துக்கொண்டிருந்தாய். கல்யாண வீட்டுக்குப் பழம் வாங்க வந்த ஒருவரோடு அவர் மகளும் வந்திருந்தாள். உன் வகுப்பு மாணவி. உன்னைப் பார்த்ததும் "சார்" என்றாள். அப்பாவுக்கோ ஒன்றும் புரியவில்லை.

"ஒங்க அப்பாவ ஏமாத்த வுட மாட்டேம்மா, நல்ல பழமா நானே எடுத்துத் தரேன்" என்று சொல்லி எடுத்துக் கொடுத்து அனுப்பினாய். பிறகு என்னைப் பார்த்து, "மே மாசத்துல நான் வாத்தியார் இல்ல. ஆர்டர்லயே அப்பிடித்தான இருக்குது. இதுல என்னா வெக்கம்?" என்றாய். சொன்னாயே தவிர, அதன் பிறகு வெகுநேரம் கையில் எண்ணெய் விட்டுப் பலாப் பிசினைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். பிசின் போன பிறகும் தேய்த்தாய்.

போன வருடம் அதே மண்டியில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. விளம்பரம் வந்திருந்தது, நேர்முகத் தேர்வு அடுத்த வாரம். சாவதற்குக்கூட நீ இடைவெளியைத்தான் பார்த்துச் செத்தாய். ஏப்ரலில் போயிருந்தால் பணியில் இருந்தவன். ஜூலையில் போயிருந்தாலும் பணியில் இருந்தவன். நடுவில் போனதால் யாராகவும் இல்லாதவன்.

உமாவின் அண்ணன் தெருவில் ஒட்டப் போஸ்டர் அடித்துவிட்டார். உன் படம், கீழே கொட்டை எழுத்தில் பேராசிரியர். போஸ்டர்காரர் யாரிடம் உறுதி செய்யப் போகிறார்? கேட்டதைப் போட்டுக் கொடுத்தார். பேப்பருக்குத்தான் சிக்கல். கடலூரில் நிருபராக இருந்தது நம் ஸ்டெல்லா. செய்தி தெரிந்ததும் அழுதுவிட்டு, அழுது முடித்ததும் நீ சொல்லிக்கொடுத்தபடியே துறைக்குப் போன் போட்டு உறுதி செய்யக் கேட்டிருக்கிறாள். இன்றைய தேதியில் அவர் எங்கள் பணியில் இல்லை, எங்கள் நிறுவனத்தின் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். உன்னைக் கிடத்தியிருந்த கூடத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது.

"சார், பதவி என்னான்னு போடறது? தற்காலிக விரிவுரையாளர்னு போடலாம்னா அதுவும் இல்லங்கறாரு. முன்னாள்னு போட மனசு வரல சார். தப்பா போட்டா சாரு எனக்கு மறுபடி பூஜ்யம்தான் போடுவாரு."

உமா என் பக்கத்தில் இருந்தது. "பேப்பர்லேருந்தாண்ணே? என்னா கேக்கறாங்க?"

"பதவி கேக்கறாங்கம்மா."

உமா உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. குரலை உயர்த்தவில்லை. "பேராசிரியர்னு போடச் சொல்லுங்கண்ணே. செத்ததுக்கப்பறமுமா டெம்ப்ரவரி?"

ஒரு காதில் அது. இன்னொரு காதில் நீ, உறுதி பண்ணாத பதவியை எவனுக்கும் போடக் கூடாது என்று சொல்லிக்கொண்டு. நடுவில் என்னை நிறுத்திவிட்டு நீ பாட்டுக்குப் படுத்திருந்தாய். உமா சொன்னதை அப்படியே ஸ்டெல்லாவிடம் சொன்னேன். துறைத்தலைவர் சொன்னது அவளுக்கே தெரியும். நீ சொல்லிக்கொடுத்ததும் தெரியும். அதற்குமேல் அவள் பாடு என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பேப்பரில் நாலே வரியில் வந்தது. உன் பெயர், வயது முப்பத்தொன்பது, பண்ருட்டி. சிதம்பரம் அருகே இதழியல் கற்பித்து வந்தார் என்று ஒரு வாக்கியம். அவரிடம் படித்தவர்கள் பல நாளிதழ்களில் பணிபுரிகின்றனர் என்று இன்னொன்று. மனைவியும் ஒரு மகளும் உள்ளனர். பதவியே இல்லை. எந்தத் துறைத்தலைவரும் மறுப்பு அனுப்ப முடியாதபடி எழுதியிருந்தாள். நீ முழு மார்க் போட்டிருப்பாய். நான் படித்துவிட்டுப் பெருமையோடு உமாவிடம் நீட்டினேன். உமா படித்தது. மறுபடி ஒருமுறை படித்தது. பேப்பரை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டது.

"ஒரு பட்டங்கூட போடலியே அண்ணே. இதுக்கா நீங்கல்லாம் இவ்ளோ படிச்சீங்க?"

உமா இன்றுவரை ஸ்டெல்லாவோடு பேசவில்லை. என்னிடம் பேசுகிறது, ஆனால் முன்போல் இல்லை. உன் பாடத்தை நாங்கள் காப்பாற்றினோம், உன் பெண்டாட்டியை நோகடித்துத்தான் காப்பாற்றினோம். இதில் எது சரி என்று கேட்க நீ இல்லை. துறையிலிருந்து மாலை வரவில்லை. மாலை என்றால் அதில் துறையின் பெயர் போட்டுச் சீட்டுக் கட்ட வேண்டுமாம். துறையில் இரண்டு பேர் சொந்த மாலையோடு வந்து, வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றுவிட்டுப் போனார்கள்.

அந்த நேர்முகத் தேர்வு நாளும் வந்தது. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். காலையில் எழுந்ததும் சட்டையை இஸ்திரி போட்டேன். கடலூர் பஸ் நிலையத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் பலாச்சுளை வாங்கி என் சாப்பாட்டு டப்பாவில் நிரப்பிக்கொண்டேன். காத்திருக்கும் அறையில் அதைத் திறந்தபோது பழைய முகங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அன்வர் பாய் அந்த ரம்ஜான் வரைக்கும் போன் இல்லாமல் இருந்தவர், அவருக்குச் சேதியே தெரியாது. சிரித்துக்கொண்டே சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "என்னா சார், டப்பா ஒங்ககிட்ட இருக்குது, நம்ம பலாப்பழத்தக் காணும்?" என்றார்.

சொன்னேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. டப்பா கை மாறிக்கொண்டே போய்க் காலியாகித் திரும்பி வந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் துறைத்தலைவர், அவருக்கு இந்தப் பக்கம் அலுவலகத்திலிருந்து ஒருவர், அந்தப் பக்கம் வெளியூரிலிருந்து வந்த வயதான நிபுணர். எந்தத் தலைப்பிலும் நடத்தலாம் என்றார்கள். இறப்புச் செய்தி எழுதுவது எப்படி என்று ஆரம்பித்தேன். கரும்பலகை நடுவில் பெரிதாக உன் பெயரை எழுதினேன். அதன் கீழே வயது, ஊர். அதற்குக் கீழே பதவி என்று எழுதிப் புள்ளி வைத்துவிட்டு, சுண்ணாம்புக் கட்டியோடு துறைத்தலைவர் பக்கம் திரும்பினேன்.

"பதவிய நிறுவனத்துகிட்ட உறுதி பண்ணனும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரோம் சார். நீங்க சொன்னா எழுதிடுவேன்."

அவர் மேசையைப் பார்த்தார். "இது தேவையில்லாத உதாரணம். வேற சொல்லுங்க" என்றார்.

நிபுணருக்கு ஒன்றும் தெரியாது. "யார் இவர்? இங்கே இருந்தவரா?" என்று அவரிடமே கேட்டார்.

"டெம்ப்ரவரியா இருந்தார். இப்ப இல்ல."

"எப்பலேருந்து இல்ல சார்? ஏப்ரல்லேருந்தா, போன வாரத்துலேருந்தா?" என்று கேட்டேன். ஏழு வருடமாக நீ கேட்காத கேள்வி அது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நேரம் முடிஞ்சிருச்சு, நீங்க போகலாம்" என்றார். சுண்ணாம்புக் கட்டியை மேசையில் வைத்தேன். டஸ்டரைத் தொடவில்லை. போர்டைத் துடைக்காமல் வெளியே வந்தேன்.

அதற்கப்புறம் நடந்ததை அன்வர் பாய்தான் சொன்னார். எனக்கு அடுத்தது அவர். உள்ளே போனதும் போர்டைப் பார்த்திருக்கிறார். துடைத்துவிட்டு ஆரம்பிக்கச் சொன்னார்களாம். "இருக்கட்டும் சார், எடம் இருக்குது" என்று சொல்லிவிட்டு, உன் பெயரைத் தொடாமல் ஓரத்தில் குனிந்து குனிந்து எழுதி நடத்தியிருக்கிறார். தன்னுடையதை மட்டும் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வந்தார். அவருக்கு அடுத்து திட்டக்குடியிலிருந்து வந்த பெண், உன்னை முன்பின் பார்த்திராதவள், அவளும் ஓரத்திலேயே எழுதினாளாம். அவளுக்குப் பின்னால் போனவனும் அப்படியே. சாயங்காலம் வரை ஒருத்தரும் அழிக்கவில்லை, மச்சான். அத்தனை பேருக்கும் வேலை வேண்டும், அத்தனை பேர் கையிலும் பலா வாசம் இருந்தது. கடைசியில் துறைத்தலைவரே எழுந்து போய் டஸ்டரை எடுத்து அழித்தாராம்.

எனக்கு வேலை கிடைக்கவில்லை. அன்வர் பாய்க்கும் இல்லை. திட்டக்குடிப் பெண்ணை எடுத்தார்கள். உன் பாடங்களை அவள்தான் நடத்தினாள். இந்த ஏப்ரலில் அவளையும் கழற்றிவிட்டார்கள், இன்று அவளும் வரிசையில் இருப்பாள். நான் கடலூரில் ஒரு கேபிள் சேனலில் திரையின் அடியில் ஓடும் செய்தி எழுதுகிறேன். தினமும் யாராவது இறக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் வட்டச் செயலாளர், தொழிலதிபர், வள்ளல் என்று என்னென்னவோ எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் போன் போட்டு உறுதி செய்கிறேன். முதலாளி திட்டுகிறார். ஐந்து நிமிடத்தில் ஓடி மறையும் எழுத்துக்கு இவ்வளவு எதற்கு என்கிறார். உன் பெயரைச் சொன்னால் அவருக்குப் புரியாது.

இந்நேரம் அன்வர் பாயின் டப்பா அந்த அறையில் கை மாறிக்கொண்டிருக்கும். உன்னைத் தெரியாதவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். என்னிடம் இருப்பது டப்பா இல்லை. அந்த மூன்றாவது வரி இருக்கிறது, பதவி என்று எழுதிப் புள்ளி வைத்து நிறுத்தியது. துறைத்தலைவர் கரும்பலகையில் இருந்ததைத்தான் அழித்தார். இந்த ஜூனில் நம் விளம்பரம் வந்ததிலிருந்து துறைக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பத்திரிகைக்காரன் பேசுவதுபோலப் பேசி, உன் பெயரைச் சொல்லி, இவர் அங்கே என்னவாக இருந்தார், உறுதி செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். இன்று காலை ஆபீஸ் வந்ததும் கேட்டேன். துறைத்தலைவரே எடுத்தார். என் குரல் அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்டர்வியூ நடக்கிறது, பிறகு பேசுங்கள் என்று வைத்துவிட்டார்.

மத்தியானம் மறுபடி போடுவேன்.